பெயரை அறிவித்ததுமே பதவி கைக்கு வந்துவிடாது

"குடிவரவுத் துறைக்குப் புது டைரக்டர் வந்துட்டாராம், இனி எச்-1பி வேலை விசாவுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாதாம்." இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பி, தங்கை கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். அதற்குள் ஒரு ஏஜென்ட் 'அவசர ஃபைலிங்' என்று அவரிடம் பணமும் கறந்துவிட்டிருந்தார். அமெரிக்காவில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் எனக்கு, வெள்ளை மாளிகை ஒரு பெயரை அறிவிக்கும்போதெல்லாம் இதே பாடுதான்.

அறிவிப்பு வந்த அன்று அந்த நபருக்கு நாற்காலியும் கிடையாது, கையெழுத்துப் போடும் அதிகாரமும் கிடையாது. உங்கள் ஃபைலைப் புரட்டிப் பார்க்கக்கூட அவரால் முடியாது. நம் ஊரில் காலையில் அமைச்சர் பட்டியல் வெளியானால் மாலையில் பதவிப்பிரமாணம் முடிந்துவிடும். அதைப் பார்த்தே பழகியதால் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு செனட்டின் ஒப்புதலைக் கேட்கிறது. அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், தூதர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் இந்த வழியாகத்தான் போக வேண்டும். குடிவரவுச் சேவைத் துறையின் இயக்குநர் என்றால் செனட்டின் நீதித்துறைக் குழு, விசா விவகாரங்களைக் கவனிக்கும் துணை அமைச்சர் என்றால் அதன் வெளியுறவுக் குழு. விசாரணை, குழு வாக்கெடுப்பு, பிறகு முழு செனட்டின் வாக்கெடுப்பு.

நடுவில் எதுவும் நடக்கலாம். 1989இல் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவரின் பெயரை செனட் 53-47 என்று தோற்கடித்தது. பெரும்பாலும் அதுவரை போகாது, பெயர் தானாக விலகிவிடும். 2009இல் டாம் டாஷல், 2021இல் நீரா டாண்டன், 2024இல் மேட் கேட்ஸ் எல்லோரும் அப்படி விலகியவர்கள்தான். தேறியவர்களுக்கும் நாள் பிடிக்கும். குடிவரவுச் சேவைத் துறை இயக்குநர் பதவிக்கு உர் ஜாடூவின் பெயரை 2021 ஏப்ரலில் அறிவித்தார்கள், செனட் 47-34 என்று ஒப்புக்கொண்டது ஜூலை 30 அன்று.

"அப்போ அதுவரை துறையே நடக்காதா?" என்று கேட்பார்கள். நடக்கும், தற்காலிகப் பொறுப்பில் ஒருவர் இருப்பார். அந்தப் பொறுப்புக்கும் சட்டம் உண்டு, மீறினால் உத்தரவே செல்லாமல் போகும். எச்-1பி குலுக்கலில் அதிகச் சம்பளத்துக்கு முன்னுரிமை தரும் விதியை 2021 ஜனவரியில் வெளியிட்டார்கள். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் பொறுப்பில் சாட் வுல்ஃப் இருந்ததே சட்டப்படி செல்லாது என்று சொல்லி, செப்டம்பரில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஜனாதிபதியின் பிரகடனம் வேறு சமாச்சாரம். 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான, புது எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கேட்கும் பிரகடனம் இரண்டே நாளில் அமலுக்கு வந்தது. அதற்குப் பதறினால் நியாயம் உண்டு. ஒரு நியமன அறிவிப்புக்கு ஏன் பதற வேண்டும்?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ்.கவ் தளத்தில், அறிவிக்கப்பட்டவரின் பெயரைத் தேடுங்கள். 'பிஎன்' என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும், அதன் கீழே கடைசியாக நடந்தது என்ன என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். குழுவுக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தால் அந்த யூடியூப் வீடியோவை மூடிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். செனட் ஒப்புதலே கிடைத்துவிட்டாலும் விதி தானாக மாறிவிடாது. புது விதி என்றால் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வர வேண்டும்.

எச்-1பி நீட்டிப்பை விண்ணப்பிப்பது உங்கள் நிறுவனம், அதுவும் காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே போடலாம். உங்களிடம் நேரே பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் வக்கீல் உரிம எண்ணைக் கேளுங்கள். தரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்த வதந்திகளை அனுப்பாதீர்கள், தயவுசெய்து. அவர்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

அப்புறம், இன்றே உங்கள் ஐ-94 தேதியை, அதாவது அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று பதிவாகியிருக்கும் தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், விசா நாள் பாக்கி இருந்தாலும் விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதியோடு ஐ-94ஐ நிறுத்தியிருப்பார். என்னிடம் வரும் உண்மையான சிக்கல்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன.