கணினி எங்கே காத்திருக்கிறது?

நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஒரு விளையாட்டு ஓட வேண்டுமானால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணினிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடிதான், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 7 மில்லிநொடிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் கெடுவுக்குள் பிராசசர் பாத்திரங்களின் அசைவையும் மோதலையும் கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். கார்டு அதைப் படமாக்க வேண்டும். இரண்டில் எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் திரையில் தெரியும். வீடியோ எடிட்டிங்கிலும் முப்பரிமாண ரெண்டரிங்கிலும் (கணினியில் அமைத்த காட்சியை இறுதிப் படமாக்கும் வேலை) தாமதம் வேறு இடங்களில் பிறக்கிறது. ஆகவே, விளையாட்டுக்கும் இத்தகைய வேலைகளுக்கும் சேர்த்து ஒரே கணினியை அசெம்பிள் செய்ய நினைப்பவர், தம் வேலையில் கணினி எங்கே காத்துக்கிடக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விளையாட்டில் இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே திரையில் அதைப் போல நான்கு மடங்கு, ஏறத்தாழ 83 லட்சம். பிக்சல் கூடக் கூடக் கார்டின் சுமை ஏறும். பிராசசரின் சுமையோ பெரிதாக மாறாது. எனவே ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃபிரேம் எண்ணிக்கை கூடவில்லை என்றால், கார்டு சும்மா இருக்கிறது, பிராசசர்தான் திணறுகிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் பயன்பாடு 20 சதவீதம்கூட இல்லையே என்று பலர் ஏமாந்துபோவதுண்டு. பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் எட்டு கோர்களில் ஒன்று மட்டும் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது எட்டில் ஒரு பங்காகத்தான் தெரியும். விளையாட்டின் முக்கியமான வேலை பெரும்பாலும் அந்த ஒரு கோரின் மேல்தான் விழுகிறது.

அந்தக் கோரும் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. தேவைப்படும் தரவு ராமிலிருந்து வந்துசேர ஏறத்தாழ 80 நானோநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 360 கடிகாரத் துடிப்புகள் வீணாகும் நேரம். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் இந்தக் காத்திருப்பைத்தான் குறைக்கிறது. ஏஎம்டி 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு அருமையான சான்று. அதற்கு முந்தைய 5800எக்ஸில் இருந்த அதே எட்டு கோர்கள்தான். உச்ச வேகமோ 4.7இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்திருந்தது. ஆனால் 32 எம்பி கேஷின் மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கிவைத்ததால், பல விளையாட்டுகளில் அது பழையதை எளிதாக முந்தியது. ரெண்டரிங்கில் சற்றுப் பின்தங்கியது. அங்கே கோர்களின் எண்ணிக்கையும் கடிகார வேகமுமே பெரும்பாலும் முடிவுசெய்கின்றன.

கோர்களைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் எல்லை இருக்கிறது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக்கொடுக்க முடியாது என்றால், 16 கோர்கள் இருந்தாலும் வேகம் 6.4 மடங்குக்கு மேல் கூடாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து கிடைக்கும் கணக்கு இது.

வீடியோ எடிட்டிங்கில் நிலைமை இன்னும் நுட்பமானது. கேமராக்கள் இடத்தைச் சேமிப்பதற்காகச் சில ஃபிரேம்களை மட்டுமே முழுப் படமாக வைத்து, மற்றவற்றை அவற்றிலிருந்து வேறுபடும் அளவுக்கு மட்டும் பதிகின்றன. டைம்லைனில் ஓர் இடத்தில் கிளிக் செய்தால், கணினி பின்னோக்கிப் போய் முழுப் படத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். இதற்கென்றே கார்டுகளிலும் சில பிராசசர்களிலும் தனிச் சுற்று உண்டு. ஆனால் அது எல்லா வடிவங்களையும் அறிந்ததல்ல. நிறத்தைக் கூடுதல் நுணுக்கத்தோடு பதியும் 10 பிட், 4:2:2 வகை வீடியோவை, அது ஹெச்.265 என்ற முறையில் சுருக்கப்பட்டிருந்தால், இன்டெல் பிராசசர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் சில தலைமுறைகளாகவே பிரித்துவருகிறது. என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் அதைத் தொடங்கியது. தம் கேமரா எதில் பதிகிறது என்று பார்க்காமல் வாங்கியவரிடம், விளையாட்டில் பறக்கும் கார்டு இருந்தும் டைம்லைன் திக்கித் திணறுவது இதனால்தான்.

முப்பரிமாண வேலைக்கு வேகத்தைவிடக் கார்டின் நினைவக அளவையே நான் முதலில் பார்ப்பேன். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்பில் போர்த்தும் படம்), சுருக்கப்படாத நிலையில், சுமார் 67 எம்பி பிடிக்கும். ஒரு பொருளின் நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் போன்றவற்றுக்கென நான்கு டெக்ஸ்சர்கள் வைத்தால், முப்பது பொருட்களிலேயே 8 ஜிபி நிரம்பிவிடும். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, ஆர்டிஎக்ஸ் 3060ஐ விட வேகமானதுதான். ஆனால் அதில் இருப்பது 8 ஜிபி, 3060இன் முதல் பதிப்பில் 12 ஜிபி. 10 ஜிபி தேவைப்படும் காட்சியில் வேகமான கார்டு மிச்சத்தை ராமிலிருந்து இழுக்க வேண்டிவரும், அல்லது ரெண்டரே நின்றுபோகும். கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 448 ஜிபி தர, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 4.0 வழி தருவது சுமார் 32 ஜிபிதான்.

சேமிப்புக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். அதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பவர் சப்ளையில் மட்டும் கை சுருங்கக் கூடாது. பெரிய கார்டுகள் மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தம் சராசரியைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுக்கக்கூடும். அதைத் தாங்காத பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், விளையாட்டின் நடுவே கணினியும் அணைந்துபோகும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே சொல்கிறது, இந்தத் தாங்குதிறனை அல்ல. பவர் சப்ளைகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம்தான் இத்தகைய திடீர் ஏற்றங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

நல்ல பாகங்களை வாங்கிய பிறகும் காத்திருப்பு ஒளிந்திருக்கலாம். நான் முதன்முதலில் கணினியை அசெம்பிள் செய்தபோது இரண்டு ராம் குச்சிகளையும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் செருகிவிட்டேன். இரண்டும் ஒரே சேனலில் (பிராசசருக்குச் செல்லும் தரவுப் பாதை) அமர்ந்து, பாதி வேகத்திலேயே மாதக்கணக்கில் ஓடின. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். வேகம் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ராம் குச்சிகளும், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த வேகத்தை இயக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் போடும்வரை, வழக்கமாக 4800இல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.