டாலரில் கடவுள் பெயர் இருந்தால் வகுப்பில் கட்டாயம் செல்லுமா?

இந்தக் கல்வியாண்டில் இதே சிக்கலோடு வழக்கறிஞரான என்னிடம் வந்த நான்காவது தமிழ்க் குடும்பம் அது. டெக்சாஸ் அரசுப் பள்ளியொன்றில் படிக்கும் மகன், ‘இறைவனின் கீழ்’ என்ற சொற்கள் இருப்பதால், அமெரிக்கக் கொடிக்கு எடுக்கும் காலை உறுதிமொழியைச் சொல்ல மறுத்து, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தான். பள்ளி நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகு வந்த தந்தை, “டாலரிலேயே கடவுள் பெயர் இருக்கிறதே மேடம், நாம் என்ன செய்ய முடியும்?” என்றார்.

அந்த டாலர் வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அமெரிக்காவை நிறுவியவர்கள் 1782இல் ஏற்ற அரசு முத்திரையில் இருப்பது, பலவற்றிலிருந்து ஒன்று எனப் பொருள்படும் ‘இ ப்ளூரிபஸ் யூனம்’ என்ற இலத்தீன் தொடர். கடவுளை நம்புகிறோம் எனப் பொருள்படும் ‘இன் காட் வீ டிரஸ்ட்’ உள்நாட்டுப் போரின் நடுவே, 1864இல், இரண்டு சென்ட் நாணயத்தில்தான் முதன்முதலாக ஏறியது. எல்லா நாணயங்களிலும் தாள்களிலும் அதைப் பொறிக்கும் சட்டம் 1955இலும், தேசியக் குறிக்கோளுரை என்னும் தகுதி 1956இலும் வந்தன. உறுதிமொழியில் கடவுள் நுழைந்ததும் 1954இல்தான். இவை மூன்றும் பனிப்போர்க் காலத்துச் சேர்க்கைகள். அரசு மதத்தை நிறுவக் கூடாது என்னும், அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமோ 1791 முதல் நடப்பில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாணய வாசகத்தை எதிர்த்த வழக்கை 1970இல் தள்ளுபடி செய்த ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்வாசகம் தேசப்பற்றும் சம்பிரதாயமும் சார்ந்தது, மத வழிபாட்டை அரசு நடத்துவதற்கு ஒப்பானதன்று என்றே காரணம் கூறியது. (பக்தியுள்ள கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும்.) வழிபாடு அன்று என்பதாலேயே பிழைத்திருக்கும் ஒரு வாசகத்தைக் காட்டி, வழிபாட்டை எப்படிக் கட்டாயமாக்க முடியும்? உறுதிமொழி சொல்ல மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என 1943இலும், அரசுப் பள்ளி தானே வகுத்த பிரார்த்தனையை நடத்தக் கூடாது என 1962இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பிள்ளை தானாகப் பிரார்த்திக்க எந்தத் தடையும் இல்லை.

ஆகவே, நன்கொடையாக வந்த குறிக்கோளுரைப் பலகையைப் பள்ளிச் சுவரிலிருந்து அகற்ற வழக்குப் போட வேண்டும் என்று என்னிடம் வராதீர்கள். 2021ஆம் ஆண்டின் டெக்சாஸ் சட்டமே அதை மாட்டச் சொல்கிறது, இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்றிருக்கின்றன. தனியார் பள்ளியை முதல் திருத்தம் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். விசா அச்சத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்; கட்டாயத்தை மறுக்கும் இவ்வுரிமை குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. டெக்சாஸில் உறுதிமொழியிலிருந்து விலக்குப் பெறப் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதால், பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே நான்கு வரிக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.