டேட்டா வெளிய போகலைன்னாலும் விஷயம் வெளிய போயிரும்

நான் பிஎச்டி பண்றது ஃபெடரேட்டட் லேர்னிங்ல, அதாவது டேட்டாவ ஒரே எடத்துல கொட்டாம அதது இருக்குற எடத்துலயே ஏஐ மாடல டிரெயின் பண்ணி, கத்துக்கிட்டத மட்டும் சர்வருக்கு அனுப்பி அங்க சராசரி எடுக்குறது. 2016ல கூகுள் ஆட்கள் வச்ச பேரு, அவங்க கீபோர்டுல அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுக்குறதுக்கு இது ஓடுது. அருமையான விஷயம், அதுல மாத்துக் கருத்தே இல்ல.

ஆனா தேவகோட்டைல லேப் வச்சிருக்க அண்ணன் ஒருத்தர், "பேஷன்ட் ரிப்போர்ட் நம்ம கம்ப்யூட்டர விட்டு வெளிய போகாதாம்ல தம்பி, அப்பறம் என்ன பயம்?"னு கேட்டார். போறது ரிப்போர்ட் இல்லண்ணே, கிரேடியன்ட், அதாவது உங்க டேட்டாவ பாத்து மாடல எந்தப் பக்கம் எவ்வளவு திருத்தணும்னு சொல்ற நம்பருங்க. அதுலதான் வில்லங்கம்.

சின்னதா ஒரு மாடல், உள்ள குடுக்குறது ஒரே ஒரு ஆளோட சுகரும் வயசும்னு வைங்க. சர்வருக்குப் போறது 105, 26, 0.5னு மூணே நம்பர், பாத்தா ஒண்ணும் புரியாது. முதல் ரெண்டும் சுகரையும் வயசையும் கடைசி நம்பரால பெருக்குனதுதான், அதனால அந்தக் கடைசி நம்பராலயே ரெண்டையும் வகுங்க. சுகர் 210, வயசு 52. அவ்வளவுதான், ஆள் சிக்கியாச்சு! பெரிய மாடல்ல, நெறய பேர ஒண்ணா சேத்தா இவ்வளவு லேசா வராது, ஆனா 2019லயே எம்ஐடி ஆட்கள் வெறும் கிரேடியன்ட்ட வச்சே டிரெயினிங் படத்த பிக்சல் பிக்சலா மீட்டுக் காட்டிட்டாங்க. நம்ம ஊர்ல இந்த ரெண்டு நம்பரோட தெருப் பேரும் தெரிஞ்சா யாருன்னு சொல்லிருவாங்க, சம்பந்தம் பேசுற எடம் வரைக்கும் போயிரும்.

இதுக்கு வழி இருக்கு. ரெண்டு லேப் தங்களுக்குள்ள ரகசியமா ஒரு நம்பர வச்சுக்கிட்டு ஒருத்தர் கூட்டி, ஒருத்தர் கழிச்சு அனுப்பினா சர்வருக்குத் தனித்தனியா எதுவும் தெரியாது, மொத்தத்துல அந்த நம்பர் அடிபட்டுப் போயிரும், கூட்டல் மட்டும் சரியா வரும். செக்யூர் அக்ரிகேஷன்னு சொல்வாங்க. ஆனா சேந்ததே ரெண்டு லேப்னா? மொத்தத்துல என்னோடத கழிச்சா மிச்சம் உங்களோடது. சின்ன ஊருக்கு இதுதான் பெரிய ஆபத்து, இத யாரும் விக்க வரும்போது சொல்றதில்ல.

இன்னொரு வழி, அனுப்புற கிரேடியன்ட்ல வேணும்னே கொஞ்சம் இரைச்சல், அதாவது குத்துமதிப்பான நம்பருங்கள கலக்குறது, டிஃபரன்ஷியல் பிரைவசின்னு பேரு. டேட்டா கம்மியா இருந்தா மாடலோட துல்லியம் அடி வாங்கும், அடியே வாங்காதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

இதுல சேரச் சொல்லி யாராச்சும் வந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க: ஒரு ரவுண்டுக்கு, அதாவது ஒரு தடவ எல்லாரோடதையும் சேத்து சராசரி எடுக்குறதுக்கு, குறைஞ்சது எத்தன லேப் இருக்கணும், அதுக்குக் கீழ போனா ரவுண்டு தானா நிக்குமா, இரைச்சல் எங்க கம்ப்யூட்டர்லயே கலக்குதா இல்ல உங்க சர்வர்லயா? பதில எழுத்துலயே வாங்கிக்கங்க.