பழைய டீசல் இன்ஜினுக்கு எமன் தண்ணிதான்

பல வருஷம் ஓடாம கெடந்த ரயில் இன்ஜினை திரும்ப ஓட வைக்கிறாங்கன்னு சொன்னா நமக்கு மொதல்ல தோணுறது துருவைச் சுரண்டி புதுசா பெயிண்ட் அடிக்கிறதுதான். பெயிண்ட் வேலை ஃபோட்டோவுல நல்லா வரும், அதனால அதைப் பத்தியே எல்லாரும் பேசுவாங்க. ஆனா உள்ள நடக்குற சண்டை வேற. டீசல், ஆயில், கரண்ட், இந்த மூணும் சேர்ந்துதான் இந்த வண்டியை ஓட்டுது, மூணுக்கும் எதிரி ஒண்ணே ஒண்ணுதான், தண்ணி. ஓடி ஓடித் தேய்ஞ்ச இன்ஜினைக் கூட சரி பண்ணிடலாம், மழையில சும்மா நின்ன இன்ஜின்தான் ஆளைக் கொல்லும்.

அமெரிக்காவுல சிகாகோவுக்கு வடமேற்கே யூனியன்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. இல்லினாய் ரயில்வே மியூசியம் அங்கதான். 1953-ல ஒரே ஒரு பழைய எலக்ட்ரிக் ரயில் பெட்டியை உடைக்காம காப்பாத்தணும்னு சில பேர் காசு போட்டு ஆரம்பிச்சது, 1964-ல யூனியனுக்கு வந்து சேர்ந்துச்சு, இன்னைக்கு அந்த நாட்டுலயே பெரிய ரயில் மியூசியம்னு பேர் வாங்கிருச்சு. இதை நடத்துறது வாலண்டியர்கள். வேற எங்கேயோ சம்பளத்துக்கு வேலை பார்த்துட்டு லீவு நாள்ல வந்து கிரீஸ்ல கையை விடுற ஆளுங்க.

அங்க இருக்கிற வண்டிகள்ல எனக்கு ரொம்பப் புடிச்சது 'சில்வர் பைலட்', நம்பர் 9911ஏ. சிகாகோ பர்லிங்டன் அண்ட் குயின்சி ரயில்வேக்காக 1940-ல எலக்ட்ரோ மோட்டிவ் கம்பெனி கட்டுனது, இ5 மாடல், பக்கவாட்டுல முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளன்னு இருக்கும். இ5 மொத்தமே 16 தான் கட்டுனாங்க, இப்ப மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். பின்னாடி இழுக்குற பெட்டிங்க 1936-ல பட் கம்பெனி செஞ்சது, வீனஸ், மினர்வா, ஜூனோன்னு பெண் தெய்வங்க பேரா வச்சிருக்காங்க. இதுக்கு ஜோடியா ஆண் கடவுள் பேர் வச்ச இன்னொரு செட் இருந்துச்சு, அது சவூதி அரேபியாவுக்கு வித்துப் போயிருச்சு.

சில்வர் பைலட் உள்ள ரெண்டு டீசல் இன்ஜின், ஒவ்வொண்ணும் 12 சிலிண்டர், 1000 ஹெச்பி, ஆக மொத்தம் 2000. இன்ஜின் பேரு 567. ஒரு சிலிண்டரோட கொள்ளளவு 567 கன அங்குலம், அதான் பேர். நம்ம கணக்குல 9.3 லிட்டர். ஒரே ஒரு சிலிண்டர் நம்ம ஊரு சாதாரண லாரியோட முழு இன்ஜினை விட பெருசுங்க.

இது டூ ஸ்ட்ரோக். உடனே பழைய பஜாஜ் ஸ்கூட்டர், ஆர்எக்ஸ் 100 ஞாபகம் வரும், ஆனா ஆயிலைக் கலந்து ஊத்துற சமாச்சாரம் இங்க இல்ல. பிஸ்டன் கீழ எறங்கும்போது லைனர்ல, அதாவது பிஸ்டன் ஏறி எறங்குற குழாய்ல, சுத்தியிருக்கிற ஓட்டைங்க தெறக்கும், இன்ஜின்ல இருந்தே கியர் போட்டு சுத்துற ப்ளோயர் அந்த ஓட்டை வழியா காத்தை உள்ள தள்ளும், அதே நேரம் சிலிண்டரோட தலையில, அதாவது மேல்மூடியில, இருக்கிற நாலு வால்வு தெறந்து எரிஞ்ச புகை மேல போயிரும். பிஸ்டன் மேல ஏறும்போது காத்து பதினாறுல ஒரு பங்கா அமுங்கி பயங்கரமா சூடாகும், அதுல டீசலைப் பீய்ச்சுனா பத்திக்கும், ஸ்பார்க் ப்ளக் எல்லாம் கெடையாது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழ வரும்போதும் ஒரு வெடிப்பு.

அந்த சக்தி நேரா சக்கரத்துக்குப் போறதில்ல. நின்ன எடத்துல இருந்து நூத்துக்கணக்கான டன்னை இழுக்கணும்னா கிளட்ச்சு கியர் பாக்ஸ் எல்லாம் தாங்காது. அதனால இன்ஜின் ஒரு பெரிய டிசி ஜெனரேட்டரை சுத்துது, அந்தக் கரண்ட் அச்சுல தொங்குற டிராக்‌ஷன் மோட்டருக்குப் போகுது, மோட்டர் சக்கரத்தை சுத்துது. சில்வர் பைலட்ல ஒரு இன்ஜினுக்கு ரெண்டு மோட்டர், அதனால ஒரு இன்ஜின் படுத்துட்டாலும் இன்னொண்ணை வச்சு மெதுவா வீடு வந்து சேரலாம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

நின்னு போன இன்ஜினோட புகைக்குழாய் மேல பார்த்து தெறந்திருக்கும். மூடி போடாம விட்டிருந்தா மழைத்தண்ணி நேரா உள்ள எறங்கி, தெறந்த நெலையில நிக்கிற வால்வு வழியா சிலிண்டருக்குள்ள போய் உக்காந்துக்கும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. இது தெரியாம பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ணா மேல வர்ற பிஸ்டன் தண்ணியில முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சுரும், இல்ல சிலிண்டர் தலை ஒடைஞ்சுரும். அதனால யாரும் மொத நாளே ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன டெஸ்ட் வால்வு இருக்கு, எல்லாத்தையும் தெறந்து விட்டுட்டு, நீளமான கம்பியை ஃப்ளைவீல் ஓட்டையில மாட்டி கையாலயே கொஞ்சம் கொஞ்சமா இன்ஜினை ஒரு முழு சுத்து சுத்துவாங்க. எங்கயாவது புளிச்சுனு தண்ணி தெறிச்சுதுன்னா அன்னைக்கு வேலை அங்கயே நிக்கும், எங்கருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிக்கிற வரைக்கும்.

அடுத்து ஏர் பாக்ஸ். சிலிண்டரைச் சுத்தி ப்ளோயர் காத்து நிக்கிற எடம் அது, இன்ஜின் பக்கவாட்டுல கை போற அளவுக்கு மூடிங்க வரிசையா இருக்கும். ஒரு மூடியைக் கழட்டி டார்ச்சையும் கண்ணாடியையும் உள்ள விட்டா லைனர் ஓட்டை வழியா பிஸ்டனே தெரியும். ஒருத்தர் கம்பி போட்டு சுத்துவார், இன்னொருத்தர் உள்ள தலையை விட்டு "நிறுத்து, கொஞ்சம் பின்னால" ன்னு சொல்லிட்டே பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ஒவ்வொரு ரிங்கா பார்ப்பார். ரிங் பளபளன்னு இருக்கணும், கார்பன் புடிச்சு ஒட்டியிருக்கக் கூடாது, லைனர் சுவர்ல கீறல் இருக்கக் கூடாது, மேல இருந்து கீழ வரைக்கும் துரு கோடு ஒண்ணு ஓடியிருந்தா அங்க தண்ணி கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். அதே ஓட்டை வழியா பிஸ்டன் மேல ஈயக் கம்பி துண்டை வச்சு ஒரு சுத்து சுத்தி, நசுங்குன கம்பியோட தடிமனை அளப்பாங்க. பிஸ்டனுக்கும் தலைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அதுல தெரிஞ்சுரும், இடைவெளி கூடியிருந்தா கீழ பேரிங் தேய்ஞ்சிருக்கு. இன்ஜினைப் பிரிக்காமலே பேரிங் நெலைமையைச் சொல்ற இந்த வித்தை எனக்கு ரொம்பப் புடிக்கும், கம்ப்யூட்டர் வராத காலத்து மூளை.

567-ல ஆரம்ப கால மாடல்களுக்குன்னே ஒரு தீராத வியாதி உண்டு. லைனரைச் சுத்தி ஓடுற கூலிங் தண்ணி நேரா இன்ஜின் பாடியிலயே நிக்கும், லைனர் பாடிக்குள்ள நுழையற எடத்துல ரப்பர் வளையம்தான் தண்ணியைத் தடுக்கும். வருஷக்கணக்கா சும்மா நின்னா ரப்பர் காஞ்சு சுருங்கிரும். அப்புறம் தண்ணி ஊத்துனா மெல்ல கசிஞ்சு கீழ ஆயில்ல கலக்கும், ஆயில் பால் ஊத்துன காபி கலர்ல வரும். பின்னாடி வந்த 567சி மாடல்ல ஒவ்வொரு லைனருக்கும் தனியா தண்ணி ஜாக்கெட் குடுத்து இந்தத் தொல்லையை ஒழிச்சாங்க. மியூசியம் ஆளுங்களுக்கு இதுல இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கு, 567சி பாடியில அடுத்து வந்த 645 இன்ஜினோட பிஸ்டன் லைனர் செட்டே ஒக்காரும், அது ஆயிரக்கணக்குல இன்னும் ஓடுறதால பார்ட்ஸ் கெடைக்குது. 645-க்கு அப்புறம் வந்ததுதான் 710. நம்ம ஊர்ல கூட்ஸ் இழுக்குற டபிள்யூடிஜி-4 இன்ஜின்ல இருக்கிறது அந்த 710 தான், அதனால இந்த 1940 வண்டி அதுக்குத் தாத்தா முறை.

ஆயில் விஷயத்துல ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். நல்ல மனசோட ஒரு வாலண்டியர் விலை ஒசந்த லாரி இன்ஜின் ஆயில் ரெண்டு பேரல் வாங்கிட்டு வந்து ஊத்துனா இன்ஜின் காலி. ஏன்னா டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் பின் எப்பவும் ஒரே பக்கமா அழுத்திட்டே இருக்கும், ஆயில் உள்ள நுழையறதுக்கு இடைவெளியே கெடைக்காது, அதைத் தாங்குறதுக்காக அந்த பேரிங்ல வெள்ளி முலாம் போட்டிருக்காங்க. சாதாரண இன்ஜின் ஆயில்ல தேய்மானத்தைத் தடுக்க ஜிங்க் சேர்மானம் போடுவாங்க, அது வெள்ளியை அரிச்சிரும். அதனால இதுக்குன்னு ஜிங்க் இல்லாத ரயில்வே ஆயில்தான் ஊத்தணும்.

கரண்ட் பக்கம் வந்தா தண்ணி கண்ணுக்கே தெரியாது. மோட்டர் வயர் சுத்துக்குள்ள பழைய காலத்து பருத்தி, மைக்கா, வார்னிஷ் எல்லாம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வச்சிருக்கும். அப்படியே நூத்துக்கணக்கான வோல்ட் விட்டா இன்சுலேஷனை ஓட்டை போட்டுக்கிட்டு கரண்ட் பாடிக்குத் தாவிரும், மோட்டர் எரிஞ்சு போகும். அதனால மெகர்ங்கிற இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டரைப் போட்டுப் பார்ப்பாங்க, நம்ம ஊரு எலக்ட்ரீஷியன் மோட்டருக்குப் போடுறாரே அதேதான். ரீடிங் கம்மியா வந்தா பதற வேணாம், பாதி நேரம் வெறும் ஈரம்தான், ஹீட்டர் வச்சு நாள் கணக்குல சூடு காட்டி காய வச்சா ரீடிங் தானா ஏறும். ஏறலைன்னாதான் மோட்டரை கீழ எறக்கி வெளியில அனுப்பணும், வாலண்டியர் மியூசியத்துல அந்தச் செலவு எல்லாரையும் ஒக்கார வச்சுரும். அப்புறம் கம்யூட்டேட்டர், அதாவது மோட்டர் தண்டுல கார்பன் பிரஷ் உரசுற செப்பு உருளை, அதுல செப்புத் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற மைக்காவை செப்பை விட கொஞ்சம் தாழ்வா அறுத்து விடணும், இல்லைன்னா கார்பன் பிரஷ் குதிச்சு பொறி பறக்கும். மோட்டர் அச்சு மேல ஒக்கார்ற எடத்துல இருக்கிற பேரிங்குக்கு திரி வழியா ஆயில் போகும், அந்த ஆயில் தொட்டியோட அடியில தண்ணி தேங்கியிருக்கும், அதையும் தொறந்து எறக்கணும். எங்க போனாலும் அதேதான்.

இவ்வளவும் முடிஞ்சாதான் ஸ்டார்ட். அதுக்கு முன்னாடி வெளிய இருந்து ஒரு பம்ப் வச்சு ஆயிலை அழுத்தமா உள்ள அனுப்புவாங்க, ஏன்னா பல வருஷமா காஞ்சு கெடக்குற பேரிங் மொத நொடியிலயே வறட்டுத்தனமா சுத்துனா போச்சு. மேல வால்வை அமுக்குற ராக்கர் ஆர்ம்ல ஆயில் சொட்டுற வரைக்கும் பம்ப் ஓடும். டீசல் டேங்க் அடியிலயும் தண்ணி இருக்கும், அதை எடுத்துட்டு டேங்கைக் கழுவி ஃபில்டர் மாத்தணும். ரொம்ப முக்கியம் இன்ஜெக்டர். ஒவ்வொரு சிலிண்டர் தலையிலயும் ஒண்ணு இருக்கு, எவ்வளவு டீசல் போகணும்னு முடிவு பண்றது அதுல இருக்கிற ஒரு சின்ன பல் சட்டம். அது துருப்புடிச்சு முழு டீசல் பக்கம் சிக்கிக்கிட்டா வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர்ங்கிற கருவி சொன்னாலும் கேக்காது, வேகம் கட்டுக்கடங்காம ஏறிரும். அதனால ஒவ்வொண்ணையும் விரலால தள்ளிப் பார்த்து லேசா நகருதான்னு உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்த வேலை.

இந்த இன்ஜினுக்குத் தனியா ஸ்டார்ட்டர் மோட்டர் கெடையாது. 64 வோல்ட் பேட்டரியை ஜெனரேட்டருக்கே குடுத்தா அது மோட்டரா மாறி இன்ஜினை சுத்தும், டீசல் பத்திக்கிட்டதும் திரும்ப ஜெனரேட்டர் ஆயிரும். மொத தடவை பத்தும்போது ஒரு சிலிண்டர், ரெண்டு சிலிண்டர்னு நொண்டி நொண்டி பிடிக்கும், வெள்ளைப் புகை, அப்புறம் நீலப் புகை, வருஷக்கணக்கா தேங்குன ஆயில் புகைக்குழாய் வழியா தெறிச்சு புதுசா அடிச்ச பெயிண்ட் மேல புள்ளி புள்ளியா விழும். இதுக்காகத்தான் விவரமானவங்க பெயிண்ட்டைக் கடைசிக்கு வச்சுக்குவாங்க.

ஓடுது, சரி. ஆனா சும்மா ஓடுறதும் இழுக்குறதும் ஒண்ணு இல்ல. ஜெனரேட்டர் கரண்டை மோட்டருக்கு அனுப்பாம பெரிய ரெசிஸ்டர் வரிசையில விட்டு சூடா எரிய விடுவாங்க, வண்டி ஒரு அடி கூட நகராது, ஆனா இன்ஜின் முழு பாரம் இழுக்குறதா நெனைச்சு ஓடும். வேகம் கூட்டுற த்ராட்டில் எட்டு படி, ஒவ்வொரு படியா ஏத்தி எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர்னு குறிச்சு பெருக்கிப் பார்த்தா எத்தனை ஹெச்பி வருதுன்னு தெரியும். கசியறது, சூடாகுறது எல்லாம் இங்கதான் வெளிய வரும்.

இதெல்லாம் தாண்டி ஓட ஆரம்பிச்ச வண்டிக்கு வருஷா வருஷம் ஒரு கண்டம் உண்டு, குளிர்காலம். இல்லினாய்ல சர்வ சாதாரணமா பூஜ்ஜியத்துக்குக் கீழ இருபது டிகிரி போகும். தண்ணி ஒறைஞ்சா ஒன்பது சதவீதம் பெருசாகும், வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. கார்ல மாதிரி ஆன்டிஃப்ரீஸ் ஊத்திட்டா என்னன்னு கேக்கலாம். ஊத்த மாட்டாங்க. பழைய ரப்பர் வளையம் கொஞ்சமாவது கசியத்தான் செய்யும், தண்ணி ஆயில்ல கலந்தாலாவது இன்ஜின் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாயிரும், ஆன்டிஃப்ரீஸ்ல இருக்கிற கிளைக்கால் ஆயிலோட சேர்ந்து பிசுபிசுன்னு ஆகி பேரிங்கையே தின்னுரும். இதனாலதான் அமெரிக்க ரயில்வே கம்பெனிங்க குளிர் காலத்துல ராத்திரி பூரா இன்ஜினை அணைக்காம சும்மா ஓட விட்டுட்டே இருந்தாங்க. மியூசியத்துக்கு அந்த டீசல் காசு கட்டாது. அதனால சீசன் முடிஞ்சதும் தண்ணி முழுசையும் எறக்கணும், ரேடியேட்டர், இன்ஜின் பாடி, ஆயில் கூலர், தண்ணி பம்ப், டிரைவர் கேபின் ஹீட்டர்னு ஒண்ணு விடாம, ஏதோ ஒரு குழாய் வளைவுல ஒரு டம்ளர் தண்ணி மிச்சம் நின்னா கூட வசந்த காலத்துல அந்த எடத்துல விரிசல் ரெடியா இருக்கும். எல்லாம் எறங்குனப்புறம் வால்வுகளைத் தொறந்தே விட்டுட்டு, கன்ட்ரோல் மேல 'தண்ணி இல்ல, ஸ்டார்ட் பண்ணாதே' ன்னு அட்டை மாட்டிருவாங்க.