ஏலியன் செடியை வேற்றுக்கிரகவாசி என்று சொல்லலாமா?

டாம் பேக்கர் நடித்த ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் ‘தி சீட்ஸ் ஆஃப் டூம்’ என்று ஒரு கதை உண்டு, 1976 தொடக்கத்தில் பிபிசியில் ஆறு பாகமாக வந்தது. அண்டார்க்டிகாவின் உறைபனி மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெரிய விதைக்கூட்டைத் தோண்டி எடுக்கிறார்கள், அதை முகாமுக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டுவிடுகிறார்கள், கூடு பிளந்து ஒரு கொடி நீண்டு பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடிக்கிறது. அப்புறம் அவன் தோல் பச்சையாகிறது. கொஞ்ச நேரத்தில் அவன் மனிதனே இல்லை, கிரைனாய்டு, அதாவது வேறு கோளிலிருந்து வந்த அந்தச் செடி.

இதை ‘ஏலியன் செடி’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘வேற்றுக்கிரகவாசி’ என்று எழுதுகிறது, சிக்கலே அங்கேதான். வாசி என்றால் வசிப்பவர். நகரவாசி, கிராமவாசி, காட்டுவாசி எல்லாம் ஆட்கள். ஊர் முனையில் நூறு வருஷமாக நிற்கிற புளியமரத்தை யாராவது கிராமவாசி என்பார்களா? ‘அயலான்’ என்று 2024இல் படமே வந்தது, நல்ல சொல்தான், ஆனால் அதுவும் ஆண்பால். செடிக்கு ஆகாது.

‘ஏலியன்’ என்பதன் மூலச்சொல்லில் ஆளே கிடையாது. லத்தீனில் ‘அலியுஸ்’ என்றால் மற்றது, அதிலிருந்து வந்த ‘அலியேனுஸ்’ பிறருக்கு உரியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘வெளிநாட்டான்’ ஆனது. அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் நம்மூர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் ‘நான்-ரெசிடென்ட் ஏலியன்’தான் (அங்கே வசிக்காத வெளிநாட்டவர்). விண்வெளிப் பொருள் ஒட்டிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில். அதற்கு வெகு முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே, பிரிட்டனின் தாவரவியலாளர்கள் மண்ணின் செடி எது, வெளியிலிருந்து வந்த செடி எது என்று பிரிக்க இதே சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஏலியன் என்ற பெயர் பறக்கும் தட்டில் வந்தவனுக்கு முன்பே செடிக்குக் கிடைத்துவிட்டது.

தமிழில் அதற்கு நேராக நிற்பது ‘அயல்’. வேடிக்கை என்னவென்றால், அயல்வீடு என்றால் பக்கத்து வீடு, அயல்நாடு என்றால் வெளிநாடு. கிட்டே இருப்பதும் நம்முடையது அல்லாததும் ஒரே சொல்லில். பேச்சில் இந்த வேலையை ‘சீமை’ பார்த்தது: சீமை எண்ணெய், சீமைத் துரை, சீமைக் கருவேலம். ஆனால் சீமை என்றால் கப்பலில் வந்த வாசம் அடிக்கிறது, விண்வெளிக்குப் பொருந்தாது.

‘ஏலியன் செடி’யில் இன்னொரு பாதியும் இருக்கிறது, ‘செடி’. கிரைனாய்டைக் கதாநாயகனான டாக்டர் விண்மீன் மண்டலத்துக் களை என்கிற மாதிரிதான் விளக்குவார். அது வேரூன்றிய கோளில் செடிகள் விலங்குகளைத் தின்னுமாம். களை என்பது சரியான சொல். போட்ட பயிரை அமுக்கிவிட்டுத் தான் வளர்வதுதானே களை? அதனால் என் ஓட்டு ‘அயற்களை’க்கு. விதைக்கூட்டை ‘நெற்று’ என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் நெற்று என்றால் முற்றிக் காய்ந்தது, இதுவோ உள்ளே உயிரோடு காத்திருக்கிறது. ‘விண்களை’ என்றும் ஒரு நண்பர் சொன்னார். ‘விண்களைப் பார்த்தேன்’ என்று எழுதினால் செடியைப் பார்த்தாரா வானத்தைப் பார்த்தாரா என்று யாருக்கும் புரியாது, விட்டுவிடலாம்.

வானத்துப் பெயரோடு ஒரு அயற்களை ஏற்கெனவே நம் ஏரிகளை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகாயத்தாமரை என்கிறோம், வந்தது தென் அமெரிக்காவிலிருந்து.