பயஸ் என்பது மனக்கோட்டம்

உளவியல் படிக்கிற பிள்ளைகள் வாயில் 'பயஸ்' (bias) என்ற ஆங்கிலச் சொல் இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் பாரபட்சம், சார்பு, சாய்வு என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மலையாளத்திலிருந்து பட்சபாதமும் முன்விதியும் வந்து கலந்துகொள்ளும்.

பாரபட்சம் தெரிந்தே செய்வது. உளவியல் சொல்லும் பயஸ், அதாவது எண்ணம் ஒரு பக்கமாகச் சாய்வது, நேர்மையான ஆளுக்கும் உண்டு. இருப்பது அவருக்கே தெரியாது. 'சார்பு' என்றால் கணக்குப் பாடத்தில் வேறு பொருள். ஆய்வுக் கட்டுரையில் சார்ந்த மாறி, சாரா மாறி என்று வரும் இடத்தில் இதுவும் சேர்ந்தால் மாணவர் திணறிப்போவார்.

பயஸ் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே 'பியே' என்றால் சாய்வு, குறுக்கு. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்தில் ஒரு பக்கம் கனம் கூட்டிய பந்து உண்டு. நேராக விட்டாலும் வளைந்துதான் ஓடும். அந்த வளைவுக்கும் இதே பெயர். மனசின் சாய்வுக்கு ஆனதும் அதை ஒட்டித்தான்.

தமிழில் 'கோடுதல்' என்றால் வளைதல். 'ஒருபால் கோடாமை' என்கிறது 118ஆம் குறள். அடுத்த குறளிலேயே 'உட்கோட்டம்' வருகிறது. நன்னூல் பாயிரம் இன்னும் நெருங்கி வருகிறது: மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூலைப்போல, 'மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும் நூல் மாண்பு'. தச்சர் நூல் பிடித்துப் பார்க்கும்போதுதான் மரத்தின் வளைவு தெரியும். உளவியலில் ஆய்வுமுறை செய்கிற வேலையும் இதுவே என்பதால்தான் 'மனக்கோட்டம்' என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துமா என்று நான் சொல்வேன், அதை வைத்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டால், 8, 10, 12 என்று அதற்கு ஒத்துவருவதையே கேட்கத் தோன்றும். விதியோ வெறும் ஏறுவரிசை. 5, 7, 40 என்று ஒருமுறை கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். 29 பேரில் 6 பேர்தான் முதல் விடையையே சரியாகச் சொன்னார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்தில் மழை குறைவு. போர் போடுமுன் நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். அது நட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் தண்ணீர் உண்டென்பது நம்பிக்கை. தண்ணீர் வந்தால் ஊரே பேசும். தண்ணீரில்லாமல் புகைதான் வந்தது என்றால், 'இன்னும் நூறு அடி போயிருந்தா வந்திருக்கும்' என்று ஆறுதல் சொல்லிக் கலைந்துவிடுவோம். கடன் வாங்கித்தான் போர் போடுகிறார்கள் என்பதால் இதை நிதானமாகப் பேச வேண்டும். அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது, வராதது, இரண்டையும் எண்ணினாலும் பாதிக் கணக்குத்தான். வேண்டாமென்று அவர் ஒதுக்கிய இடத்தில் யாரும் போர் போடுவதில்லையே! அங்கேயும் போட்டு, எது அவர் காட்டிய இடம் என்று அறியாத ஒருவர் தண்ணீரை அளந்தால்தான் தேங்காய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல முடியும். ஒப்பீட்டுக் குழு, மறைப்புமுறை என்று பாடத்தில் படிப்பது இவைதான்.

உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் மனிதர் கணிப்பில் நேரும் பிழைகளைப் பற்றி 1974இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இத்தகைய கோட்டங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் அடிச்சொல் ஒன்றாக இருப்பது நல்லது. வேசன் காட்டியதை 'உறுதிதேடும் மனக்கோட்டம்' எனலாம்; ஆய்வுக்கு ஆள் எடுப்பதில் நேர்வதைத் 'தேர்வுக் கோட்டம்' எனலாம். வள்ளுவர் கோட்டம், மின்வாரியக் கோட்டம் நினைவுக்கு வரும் என்று தயங்குவோர் உண்டு; 'மன', 'தேர்வு' என்று முன்னால் வரும் சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ அந்தத் தயக்கமும் வேண்டாம். மலையாளத்தில் 'கோட்டம் தட்டுக' என்றால் பழுதுபடுவது என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.