சமையல் விளையாட்டில் குழந்தைக்கு என்ன அவசரம்?

சமையல் விளையாட்டுச் செயலிகளை வடிவமைப்பது என் தொழில். கேக் செய்யும் முறையைத் திரையில் படிப்படியாகக் காட்டுவோம். நான்கு வயதுக் குழந்தை அதைச் சட்டை செய்யாது. தக்காளியை வாணலியில் போட்டு, கருகும்வரை பார்த்திருந்து, கைகொட்டிச் சிரிக்கும். 'இதை இதில் போட்டால் என்ன ஆகும்?' என்பதுதான் அதற்கு விளையாட்டு. ஆகவே கேரட்டை மிக்சியில் போட்டால் சாறு தெறிக்க வேண்டும். வாணலியில் போட்டால் பொரியும் சத்தம் கேட்க வேண்டும். உப்பை அள்ளிக் கொட்டினால் சாப்பிடும் பொம்மை முகம் சுளிக்க வேண்டும். 'தவறு' என்று சிவப்புக் குறி போட்டீர்களோ, குழந்தை அடுத்த செயலிக்குப் போய்விடும்.

விரல்களையும் கவனிக்க வேண்டும். முட்டையைக் கூடையிலிருந்து கிண்ணத்துக்கு இழுக்கும்போது, சின்ன விரல் பாதி வழியில் திரையைவிட்டு எழும்பிவிடும். உடனே முட்டை கூடைக்கே திரும்பினால் குழந்தைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். விட்ட இடத்திலேயே அது கிடக்கட்டும். பொத்தான்கள் இரண்டு சென்டிமீட்டராவது இருக்கட்டும். திரையின் கீழ் ஓரத்தில் வேண்டாம், டேப்லெட்டைப் பிடித்திருக்கும் கை அங்கேதான் படும். எழுத்து அறியாத வயது என்பதால் குறிப்புகள் படமாகவும் குரலாகவும் வர வேண்டும்.

இதையெல்லாம் நன்றாகச் செய்துவிட்டு, கூடவே கடிகாரத்தை ஓடவிடும் செயலிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. காத்திருக்கும் வாடிக்கையாளரின் முகம் சிவக்கும், நாணயங்கள் குறையும், பூட்டிய ஸ்ட்ராபெரி கண்சிமிட்டும், பரிசுப் பெட்டியைத் தொட்டால் விளம்பரம் விரியும். நான்கு வயதுக்கு விளம்பரம் எது, விளையாட்டு எது என்று எப்படித் தெரியும்? பெற்றோர் அறியாமல் குழந்தைகள் செயலிகளுக்குள் வாங்கியவற்றுக்காக, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர 2014இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. இன்று அதே நிறுவனம், குழந்தைகள் பிரிவில் வரும் செயலிகளில் வாங்கும் வசதிக்கும் வெளி இணைப்புகளுக்கும் முன்னால் பெரியவர் மட்டுமே திறக்கக்கூடிய தடுப்பைக் கேட்கிறது. அந்தத் தடுப்பு குழந்தை தற்செயலாகத் தட்டினாலே திறந்துகொள்வதாக இருந்தால் என்ன பயன்?

பெற்றோருக்கு ஒரு யோசனை: குழந்தையிடம் கொடுக்கும் முன் பத்து நிமிடம் நீங்களே விளையாடுங்கள். இணையத்தைத் துண்டித்தும் பாருங்கள். இரண்டு முதல் நான்கு வயதுவரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதனால் விளையாட்டை எளிதில் நிறுத்த முடிகிறதா என்பது முக்கியம். வெளியேறும்போது பொம்மை அழுது கெஞ்சினால், அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.